சேர்தலும் சேர்த்தலும்

ஒருவன் தன் குடிசையில் தனித்திருந்து கடவுளை எண்ணுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. ஆனால் பலர் கூடும் ஒரு சபைக்குச் சென்று, அவர்களுள் ஒருவனாக நின்று வணங்க வேண்டுமாயின், அங்கே இரண்டு காரியங்கள் நிகழ்ந்தாக வேண்டும். அவன் சேர வேண்டும். அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒன்றே எனப் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வாயிலில் நின்று கைகூப்பி, வாருங்கள் என்று அழைத்துவிட்டால் சேர்த்துக்கொண்டதாகவே ஆயிற்று என்பது அவர்கள் கருத்து. அஃது உண்மைதானா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு அமெரிக்க நாட்டு எபிஸ்கோப்பல் திருச்சபையை எடுத்துக்கொள்கின்றோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்துகொண்டு அமெரிக்கக் கோயிலைப் பற்றிய கவலை நமக்கேன் என்று நேயர்களுட் சிலர் கேட்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் தமிழர் பலர் தொழுதுவரும் ஆங்கிலிக்கன் சபையும் அதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அன்றியும், அச்சபை தன் பெருமைகளோடு தன் குற்றங்களையும் ஏட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. குற்றத்தை மறைத்துவிடும் சபையைக் கொண்டு ஆராய்ச்சி நடத்த இயலாது.

இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவர் அந்நாட்டு மன்னர். 1776-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் மன்னரை உதறியபோது, அவருக்காக ஞாயிறுதோறும் ஜெபம் செய்துவந்த சபையாரின் நிலை தருமசங்கடமாயிற்று. அத்தியட்சர் இன்றி அச்சபை நடவாது. அத்தியட்சராக அபிஷேகம் பெற வேண்டுமாயின் அம்மன்னருக்கே விசுவாசமாயிருப்பதாக ஆணையிட வேண்டும். சாமுவேல் சீபரி என்பவர், இங்கிலாந்தில் அது கைகூடாமையால், ஸ்காட்லாந்து சென்று 1784-இல் அபர்தீன் நகரில் அந்நாட்டு அத்தியட்சர்களிடம் அபிஷேகம் பெற்று மீண்டார். 1789-இல் அச்சபை தனக்கென ஓர் அமைப்புச் சட்டமும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டது. எபிஸ்கோப்பல் என்னும் சொல்லுக்கு அத்தியட்சர்களை உடையது என்பதே பொருள். பெயர் இவ்வாறிருப்பினும், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சேகரம் என்று வழங்கும் ஊர்ச்சபையின் பணமும் கட்டடமும், குருவானவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும், சபையார் வாக்களித்து அமைக்கும் வெஸ்ட்ரி என்ற குழுவின் கையிலேயே உள்ளன. இந்த வாக்கு என்பதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். மேலே கூறப்போவது பெரும்பாலும் அதைப் பற்றியதே.

இன்று அத்தகைய சேகரம் ஒன்றில் சேர்வது கடினமான காரியமன்று. ஞானஸ்நானம் பெற்றவர் எவரும் அச்சபையின் உறுப்பினராகலாம். வேறு சேகரத்திலிருந்து வருபவர் அங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வருவார். வேறு திருச்சபையிலிருந்து வருபவரை அத்தியட்சர் கை வைத்தோ கைப்பற்றியோ ஏற்றுக்கொள்வார். ஞாயிறு காலை கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். எப்போது நிற்பது, எப்போது முழங்காற்படியிடுவது, குருவானவர் ஒன்று கூறினால் சபையார் என்ன மறுமொழி கூறுவது என்பதெல்லாம் அதில் உண்டு. புதிதாக வந்தவன் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பார்த்து எழுவான், அமர்வான். நடுவே ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதான வாழ்த்துக் கூறிக்கொள்வர். பிறகு திருவிருந்து. செல்வரும் வறியவரும் ஒரே கிராதியண்டை முழங்காற்படியிட, ஒரே அப்பமும் ஒரே கிண்ணமும் வாயிலிருந்து வாய்க்குச் செல்லும். எச்சில் என்று ஒதுங்கும் வழக்கத்திற் பிறந்த நமக்கு அக்கிண்ணம் எத்தகைய கடிய கட்டளை என்பது விளங்காமற் போகாது. ஆராதனை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் காப்பி அருந்திப் பேசிக் கலைவார்கள்.

இவ்விடத்தில் பகுத்தறிவுடைய நேயர் ஒரு வினா எழுப்புவார். அப்புத்தகத்தில் விசுவாசப் பிரமாணம் என்று ஒன்றுண்டே, அதன் ஒவ்வொரு சொல்லையும் நம்பாதவன் சபையோடு சேர்ந்து அதை உரக்கச் சொல்லுதல் பொய்யாகாதா? நல்ல வினாவே. அச்சபை 1979-இல் ஏற்ற ஜெபப் புத்தகத்தில், புதிய மொழிநடையில் அமைந்த திருவிருந்து ஆராதனையில், நைசீயப் பிரமாணம் ‘நாங்கள்’ என்னும் பன்மையில் தொடங்குகின்றது. ஞானஸ்நானத்தின்போது சொல்லும் அப்போஸ்தலர் பிரமாணமோ ‘நான்’ என்ற ஒருமையில் உள்ளது. இவ்வேறுபாட்டை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. ஒருமையிற் சொல்லும்போது ஒருவன் தன் உள்ளத்திற்குச் சாட்சி கூறுகின்றான். பன்மையிற் சொல்லும்போது தான் எந்தக் கூட்டத்தின் பக்கம் நிற்கின்றான் என்பதைத் தெரிவிக்கின்றான். ஐயமுடையவன் தன் ஐயத்தைக் கேட்போரிடம் மறையாதவரையில், அவன் அப்பன்மையிற் குரல் கலப்பதைப் பொய்யென்று நாம் கொள்ளமாட்டோம். பள்ளியில் இடம் கிடைக்குமென்றோ, துரைமாரின் தயவில் உத்தியோகம் உயருமென்றோ, நம்பிக்கை நிரம்பியவனைப்போல் நடித்து முழங்காற்படியிடுபவன் கதை வேறு. அவனைப்பற்றி அதிகம் எழுதுவதில் பயனில்லை. அவன் எந்தச் சபையிலும் உண்டு.

நிற்க. சேர்பவனைப் பற்றி இவ்வளவு கேட்கின்ற உலகம், சேர்த்துக்கொள்ளும் சபையைப் பற்றி என்ன கேட்டது? தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்குப் பெயர்ப் பட்டியலின் இயல்பு நன்கு தெரியும். செக்ரோலில் பெயர் ஏறிவிட்டால் ஒருவன் தோட்டத்தைச் சேர்ந்தவனாகிவிடுகின்றான். அவன் வேலைக்கு வந்த நாளும் வராத நாளும் அதில் உண்டு. ஆயினும் எந்த நிரையை அழித்துச் செம்பனை நடுவது என்று அவனை யாரும் கேட்பதில்லை. பெயர் ஏட்டில் இருப்பது ஒன்று, பேச்சு அவையில் இருப்பது மற்றொன்று. ஒரு தொழில் நிலையத்தில் இஃது இயல்பெனலாம். கடவுளின் முன் எல்லாரும் ஒன்றென்று சொல்லும் இடத்தில் இதற்கு என்ன சமாதானம் கூறுவது?

அமெரிக்கச் சேகரங்களில் முற்காலத்தில் ஆசனங்களுக்கு வாடகை உண்டு. சிலவிடங்களில் விலையும் உண்டு. முன்வரிசை ஆசனம் குடும்பச் சொத்தாகித் தந்தைக்குப் பின் மகனுக்கு வந்ததும் உண்டு. கோயிலை நடத்தும் செலவுக்கு அதுவே வருமானம் என்று காரணம் கூறினர். காரணம் உண்மையே. அதன் விளைவாகப் பணமில்லாதவர் பின்புறத்து இலவசப் பலகைகளிலும் மேல்மாடத்திலும் அமர்ந்தனர் என்பதும் உண்மையே. 1844-இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய அட்வென்ட் ஆலயமும், 1846-இல் வில்லியம் அகஸ்டஸ் மூலன்பர்க் என்ற குருவானவர் நியூயார்க்கில் திறந்த ஹோலி கம்யூனியன் ஆலயமும் வாடகையில்லா ஆசனங்களை வைத்தபோது, அது பெரும் புதுமையாக எண்ணப்பட்டது. நம் தோட்டத்துக் கோயில்களில் சந்தா எல்லாரிடமும் வாங்கிப் பரிவட்டம் சிலருக்கே கட்டும் வழக்கத்தைக் கண்டவர்கள் அவ்வமெரிக்கரைப் பார்த்து நகைக்கமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

பணத்தினால் வந்த பிரிவு பணத்தினால் மாறக்கூடியது. நிறத்தினால் வந்தது அத்தகையதன்று. பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

அங்கே செயின்ட் ஜார்ஜ் என்னும் மெதடிஸ்டு ஆலயத்தில் வெள்ளையரோடு கறுப்பின மக்களும் தொழுதுவந்தனர். அவர்களுள் இருவர் அப்சலம் ஜோன்ஸ், ரிச்சர்டு அலென் என்போர். இருவரும் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். ஜோன்ஸ், தன் ஓய்வு நேரத்து உழைப்பினாலும் பிறர் உதவியினாலும் முதலில் தன் மனைவியின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். தாய் விடுதலை பெற்றிருந்தாலன்றிப் பிள்ளைகளும் அடிமைகளே என்பது அக்காலச் சட்டம். அவர் தாம் விடுதலை பெற்றது 1784-இல். ஆலயம் விரிவாக்கப்பட்டபோது இம்மக்கள் பணமும் உடலுழைப்பும் கொடுத்தனர். வேலை முடிந்த பின் ஒரு ஞாயிறன்று அவர்களுக்கு மேல்மாடத்தில் இடம் காட்டப்பட்டது. அங்கும் தமக்குரியதென்று எண்ணி அமர்ந்த இடம் உரியதன்று என்று, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆலய அதிகாரிகளுள் ஒருவர் முழங்காலில் நின்ற ஜோன்ஸைப் பிடித்துத் தூக்க முனைந்தார். ஜெபம் முடியும்வரை பொறுக்குமாறு ஜோன்ஸ் கேட்டார். அவர் பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருங்கே எழுந்து வெளியேறினர். இச்செய்தியை எழுதி வைத்தவர் அலென். அவர் குறிப்பு 1787 என்கின்றது. மாடம் கட்டிய காலத்தை நோக்கிய வரலாற்றாசிரியர் பலர் 1792 என்கின்றனர். ஆண்டு எதுவாயினும் நிகழ்ச்சியின் தன்மை மாறாது. அவர்கள் அச்சபையில் சேர்ந்திருந்தனர். பெயர் ஏட்டில் இருந்தது. தரையும் மாடமும் அமைக்க அவர்கள் பணமும் சென்றிருந்தது. எனினும் சபை அவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை.

1793-இல் அந்நகரில் மஞ்சட் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வசதியுடையோர் ஊரைவிட்டு ஓடினர். ஜோன்ஸும் அலெனும் தம் இனத்தாரைத் திரட்டி நோயாளிகளைப் பேணினர். பிணங்களை அடக்கம் செய்தனர். அதற்குப் பின்னர் அவர்கள் மீது கொள்ளைப் பழி சுமத்தி நூல் எழுதியவரும் உண்டு. இருவரும் 1794-இல் மறுப்பு வெளியிட்டனர்.

வெளியேறிய மக்கள் தமக்கென ஓர் ஆலயம் கட்டினர். எந்தத் திருச்சபையோடு இணைவது என்று வாக்கெடுத்தபோது, பெரும்பாலோர் மெதடிஸ்டு வேண்டாம் எபிஸ்கோப்பலே என்றனர். ஜோன்ஸும் அலெனும் உள்ளத்தால் மெதடிஸ்டுகள். அலென் தம் கொள்கையை விடமாட்டேனென்று விலகி பெத்தேல் என்ற ஆலயத்தை நிறுவினார். அதுவே 1816-இல் வெள்ளையர் ஆளுகையினின்று முற்றும் நீங்கிய தனித் திருச்சபையாயிற்று. ஜோன்ஸோ பெரும்பாலோர் தீர்ப்பை ஏற்று அவர்களுக்குத் தலைவரானார். 1794-இல் அவர்களுடைய செயின்ட் தாமஸ் ஆலயம் எபிஸ்கோப்பல் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1795-இல் அத்தியட்சர் வில்லியம் ஒயிட் ஜோன்ஸுக்கு உதவிக்குருப் பட்டம் அளித்தார். சில ஆண்டுகளில் அவர் முழுக் குருவானார். அமெரிக்காவில் அச்சபையின் முதற் கறுப்பினக் குரு அவரே.

இதுவரை கேட்டால் நற்செய்தியாகவே தோன்றும். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. குருப் பட்டத்திற்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை ஜோன்ஸுக்காகத் தளர்த்தினார்கள். தளர்த்திய கையோடு, அவருடைய சேகரம் அத்தியட்சாதீன மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பலாகாது என்றும் விதித்தார்கள். அவர்கள் ஜெபிக்கலாம், பாடலாம், திருவிருந்து உண்ணலாம், தம் ஆலயத்தைத் தாமே நிருவகிக்கலாம். சபை முழுவதற்கும் சட்டம் இயற்றும் இடத்தில் அவர்களுக்கு வாயில்லை. இத்தடை நீங்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் சென்றன. ஜோன்ஸ் 1818-இலேயே மாண்டுபோனார். நியூயார்க்கிலும் செயின்ட் பிலிப் என்னும் கறுப்பினச் சேகரம் இவ்வாறே வெளியே நிறுத்தப்பட்டு 1853-இல்தான் மாநாட்டில் இடம் பெற்றது.

ஒரே நாள் ஒரே வாயில் வழியே வெளியேறிய இருவருள் எவர் செய்தது சரி? அலென் அரைகுறைச் சேர்ப்பை ஏற்க மறுத்துத் தனி வீடு கட்டினார். ஜோன்ஸ் அரைகுறைச் சேர்ப்பை ஏற்று உள்ளே நின்றார். சுயமரியாதை உள்ளம் உடனே அலென் பக்கமே சாயும். நம் உள்ளமும் முதலில் அப்பக்கமே சாய்ந்தது. எனினும் ஜோன்ஸை அடங்கிப் போனவர் என்று தீர்த்துவிடுவதற்கு அவர் வாழ்க்கை இடந்தரவில்லை. 1799-இல், ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தையும் அடிமை வாணிகத்தையும் எதிர்த்து அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் திரட்டியவர் அவர். ஆலயக் கட்டடம் அவர் மக்களுடையது, உள்நிருவாகம் அவர்களுடையது. வெளியே தள்ள எவராலும் இயலாத ஓரிடத்தில் நின்றுகொண்டே அவர் மற்றதைக் கேட்டார். அத்தகைய நிலம் காலடியில் இல்லாமல், தயவை மட்டும் நம்பி, என்றாவது இடம் தருவார்கள் என்று காத்திருப்பதற்கும் இதற்கும் மிகுந்த தூரம் உண்டு. ஆகவே உள்ளே நிற்றல் தகுமா என்று ஒருவன் கேட்டால், அங்கே உனக்கென்று உள்ளது யாது என்று நாம் திருப்பிக் கேட்போம்.

ஆனால் ஜோன்ஸ் சரியாகவே செய்தார் என்பதனால், அவரை 70 ஆண்டு வாயிலில் நிறுத்தியவர்கள் செய்தது சரியாகிவிடாது. பின்னாளில் சபை அவரைப் பரிசுத்தவான்கள் நாட்குறிப்பிற் சேர்த்து அவர் மாண்ட பிப்ரவரி 13-ஆம் நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. அந்நாளில் அவருடைய பொறுமையைப் புகழ்வார்கள். பொறுமையைப் புகழும் உரிமை, பொறுக்க வைத்தவர்களுக்கு இல்லையென்பது நம் அபிப்பிராயம்.

இதைப் படிக்கும் தமிழர் அமெரிக்கரை இகழ்ந்து மகிழ்வதற்கும் வழியில்லை. ஆங்கிலிக்கன் சபையிலேயே நம்மவர் கதை ஒன்றுண்டு. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க வேண்டுமென்று சுற்றுக் கடிதம் விடுத்தார். அங்கே கிறிஸ்தவர்கள் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தனர். திருவிருந்துக்கு உயர்ந்தோர் எனப்பட்டோர் முன்னும் தாழ்ந்தோர் எனப்பட்டோர் பின்னும் சென்றனர். கடிதத்தைக் கேட்ட தஞ்சை, வேப்பேரிச் சபைகளிற் பெரும் கலகம் மூண்டது. சாதி என்பது உலக வழக்கு, மதத்தைச் சேர்ந்ததன்று, அதில் அத்தியட்சர் தலையிடலாகாது என்று வாதித்தனர். 1835-இல் வில்சன் நேரில் தஞ்சை சென்றும் பலர் இணங்காது சபையை விட்டே அகன்றனர். ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிடச் சபையை இழப்பதே மேல் என்று அவர்களுக்குத் தோன்றிற்று! ஜோன்ஸின் மக்கள் இடம் கிடைக்காமையால் வெளியேறினர். இவர்கள் பிறருக்கு இடம் கிடைத்துவிட்டதே என்று வெளியேறினர்.

அதே திருச்சபைக் குடும்பத்தில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளையர் முகத்திற்கெதிரே, நீங்கள் எங்களுக்காகப் பொருளையும் உயிரையும் தந்தீர்கள், நட்பைத் தரவில்லையே என்ற கருத்துப்பட உரைத்தார். அவையிற் பலருக்கு அப்பேச்சுச் சுட்டது. 1912-இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அசரியா கேட்ட நட்பைச் சட்டத்தினால் தர இயலாது; ஜோன்ஸின் மக்கள் கேட்ட வாக்கைச் சட்டத்தினால் தரலாம். தரக்கூடியதையும் தராத சபை, தர இயலாததைப் பற்றி அன்பு, ஐக்கியம் என்று பிரசங்கிப்பதைக் கேட்கையில் நமக்குச் சலிப்பே உண்டாகின்றது.

இன்று ஒரு சேகரத்தில் புதிதாகச் சேர எண்ணும் ஒருவர் எதைக்கொண்டு அதை அளப்பது? காப்பி மண்டபத்துப் புன்னகையைக் கொண்டு அளக்க வேண்டாம் என்போம். ஆண்டுக்கொரு முறை சபையார் பொதுக்கூட்டம் கூடும். அங்கே வரவு செலவு வாசிக்கப்படும். வெஸ்ட்ரிக்கு ஆட்கள் தெரிந்தெடுக்கப்படுவர். வாக்குரிமைக்குரிய விதிகள் அத்தியட்சாதீனத்துக்கு அத்தியட்சாதீனம் சிறிது வேறுபடினும் முறை இதுவே. அக்கூட்டத்தில் எழுந்து கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டுப் பார்க்கட்டும். யார் கேட்டால் எத்தகைய மறுமொழி வருகின்றது என்பதைக் கவனிக்கட்டும். நாற்காலிகளை அடுக்கவும் பாத்திரம் கழுவவும் எவர் பெயர் அழைக்கப்படுகின்றது, பிரதிநிதியாகச் செல்ல எவர் பெயர் அழைக்கப்படுகின்றது என்பதையும் கூடவே பார்க்கட்டும்.

பாத்திரம் கழுவியோர் பெண்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சபையின் தேசியப் பொது மாநாட்டில் பிரதிநிதிகளாகப் பெண்களுக்கு முழு உரிமையுடன் இடம் கிடைத்தது 1970-இல். 1974-இல் பிலடெல்பியாவிலேயே 11 பெண்கள் சபையின் அனுமதிக்குக் காத்திராமல், அத்தியட்சர்கள் சிலரிடம் குருப் பட்டம் பெற்றனர். 1976-இல் மாநாடு இணங்கிற்று. அதன்படி 1977 ஜனவரியில் பட்டம் பெற்றவர் பாலி மரே. வழக்கறிஞராயிருந்து நிறவேற்றுமைச் சட்டங்களை எதிர்த்தவர். அச்சபையில் குருப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண். அவருடைய பாட்டி கொர்னீலியா, வட கரோலினா மாநிலத்துச் சேப்பல்ஹில் ஊரில் சேப்பல் ஆப் தி கிராஸ் என்னும் எபிஸ்கோப்பல் ஆலயத்தில், 1854-இல், ஒரு வெள்ளைச் சீமாட்டியின் அடிமைப் பிள்ளை என்ற குறிப்போடு ஞானஸ்நானம் பெற்றவர். ஏட்டில் பெயர் உண்டு; உடைமையாளர் பெயரும் உண்டு. 1977 பிப்ரவரி 13-ஆம் நாள் ஞாயிறன்று அதே ஆலயத்தில் பாலி மரே முதன்முறையாகத் திருவிருந்து நடத்தினார். அன்று அவர் சுவிசேஷம் வாசித்தது பாட்டியின் வேதபுத்தகத்திலிருந்து. புத்தகத்தைத் தாங்கி நின்ற மேடை அச்சீமாட்டியின் நினைவாக ஆலயத்துக்கு அளிக்கப்பட்டது.